கணக்கப்பிள்ளையின் பேரேடு இன்று யார் கையில்?

 

நம் பாட்டனார் காலத்துக் கடைகளைச் சற்றே நினைவுக்குக் கொண்டு வாருங்கள். கல்லாப்பெட்டிக்கு அருகே ஒரு சாய்வு மேசை. அதன் பின்னால் மூக்குக் கண்ணாடியுடன் கணக்கப்பிள்ளை. அவர் முன்னே துணி அட்டை போட்ட பேரேடு. யாருக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும், யாரிடமிருந்து எவ்வளவு வர வேண்டும், எந்தச் சரக்கு எந்தக் கிடங்கில் இருக்கிறது என்பன அத்தனையும் அந்தப் பேரேட்டில் அடங்கியிருந்தன. கடையடைக்கும் வேளையில் அதை இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டி, சாவியை முதலாளியின் கையில் ஒப்படைத்த பின்னரே அவர் வீட்டுக்குக் கிளம்புவார்.

இன்று அந்தப் பேரேடு எங்கே இருக்கிறது? மாடிப்படிக்குக் கீழே, தூசு படிந்த மூலையில், இரவும் பகலும் முனகிக்கொண்டிருக்கும் ஒரு கம்ப்யூட்டருக்குள் இருக்கிறது. அதற்கு 'சர்வர்' என்று பெயர். அதன் சாவி யாரிடம் இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். பல கடைகளில் இக்கேள்விக்குப் பதில் கிடைப்பதில்லை. "பையனுக்குத் தெரியும்" என்பார்கள். அந்தப் பையன் சென்ற ஆண்டே துபாய்க்குப் போயிருப்பான்!

ஒரு நாள் காலை நீங்கள் கடையைத் திறக்கிறீர்கள். பில் போட அமர்ந்த ஊழியர் முகம் வெளிறி உங்களை அழைக்கிறார். திரையில் ஆங்கிலத்தில் ஓர் அறிவிப்பு: உங்கள் கோப்புகள் அனைத்தும் பூட்டப்பட்டுவிட்டன; திறக்க வேண்டுமானால் இவ்வளவு பணம் அனுப்புங்கள். பத்தாண்டுக் கணக்கு, வாடிக்கையாளர் பாக்கி, சரக்கு இருப்பு, ஜி.எஸ்.டி. விவரம் எல்லாம் அதற்குள்ளே. அந்த நிமிடத்தில் நீங்கள் யாரை அழைப்பீர்கள்? அழைத்தால் அவர் என்ன செய்வார்? இதற்கு விடை இன்றே உங்களிடம் இருக்க வேண்டும் என்பதற்காகவே இக்கட்டுரை.

மிக நீண்ட வசனம்

திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் எதைப் பற்றியது தெரியுமா? அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனம் அது. கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பதைப் பற்றியே அது பேசுகிறது. எழுதுபவர் நீதியுடன் எழுத வேண்டும். தொகை சிறிதானாலும் பெரிதானாலும் எழுதச் சலிக்கக் கூடாது. எழுதியவருக்கும் சாட்சிக்கும் தீங்கு இழைக்கப்படக் கூடாது என்றெல்லாம் அவ்வசனம் நமக்கு நெறி வகுக்கிறது.

எழுதி வைப்பது இத்துணை முக்கியமென்றால், எழுதியதைப் பாதுகாப்பதும் அதே அளவு முக்கியமல்லவா? வாடிக்கையாளர் நம்மிடம் வைத்த முன்பணம், ஊழியரின் சம்பளப் பாக்கி, மொத்த வியாபாரிக்கு நாம் தர வேண்டிய தொகை இவையெல்லாம் பிறருடைய உரிமைகள். அவற்றின் பதிவு அழிந்தால் நமக்கு மட்டுமன்று, அவர்களுக்கும் நட்டம். அந்தச் சர்வர் இரும்பும் பிளாஸ்டிக்கும் மட்டுமன்று; அது ஓர் அமானிதம். அதைக் காப்பவர் இக்காலத்துக் கணக்கப்பிள்ளை. அவரை நாம் முறையாகப் பயிற்றுவித்திருக்கிறோமா என்பதே நம் முன் உள்ள கேள்வி.

ஒரு பெட்டியின் கதை

சிறு நிறுவனங்களுக்கென்றே தனிச் சர்வர் மென்பொருள் ஒன்று இருந்தது. மைக்ரோசாப்ட் நிறுவனம் 1997இல் 'ஸ்மால் பிசினஸ் சர்வர்' என்ற பெயரில் அதை வெளியிட்டது. கோப்புகளைப் பகிர்தல், அச்சிடுதல், மின்னஞ்சல், இணைய இணைப்பு ஆகிய அனைத்தையும் ஒரே கம்ப்யூட்டரில், குறைந்த விலையில் அது தந்தது. பின்னர் வந்த 2003, 2008, 2011 பதிப்புகளை 75 பேர் வரை பயன்படுத்தலாம். உலகெங்கும் வழக்கறிஞர் அலுவலகங்களும், மருத்துவமனைகளும், சிறு தொழிற்கூடங்களும் அதை நம்பியே இயங்கின.

அதை நிர்வகித்தவர்கள் ஓர் உண்மையைக் கண்டார்கள். பெரிய நிறுவனத்தில் மின்னஞ்சலுக்கு ஒருவர், பாதுகாப்புக்கு ஒருவர், தகவல் தளத்துக்கு ஒருவர் என்று பணி பிரிந்திருக்கும். சிறு நிறுவனத்திலோ எல்லாவற்றுக்கும் ஒருவரே. ஊரின் ஒரே மருத்துவர் பல்வலிக்கும் பார்க்க வேண்டும், பிரசவத்துக்கும் பார்க்க வேண்டும் என்பதைப் போன்றது அது. ஆகவே சிறு நிறுவனத்தின் சர்வரைக் காப்பது எளிய வேலை என்று எண்ணுவது தவறு. அகலமான அறிவு தேவைப்படும் வேலை அது.

அந்த வரிசையில் 2011 பதிப்பே கடைசியாக அமைந்தது. மின்னஞ்சலும் கோப்புகளும் இணையவழிச் சேவையான 'கிளவுட்'டுக்கு இடம் பெயரத் தொடங்கின. இன்று பெரும்பாலான கடைகளில் பாதி உள்ளூர்ச் சர்வரிலும் பாதி கிளவுட்டிலும் இருக்கின்றன. "எல்லாம் கிளவுட்டில் இருக்கிறது, இனி ஆள் தேவையில்லை" என்று சிலர் எண்ணுகிறார்கள். யார் உள்ளே நுழையலாம், எதைப் பார்க்கலாம், வேலையை விட்டு நின்றவரின் கணக்கை மூடியாயிற்றா, அழிந்ததை மீட்க வழி உண்டா என்ற கேள்விகள் அங்கேயும் அப்படியே இருக்கின்றன. பெட்டி இடம் மாறலாம்; காவல் மாறாது.

கானா நாட்டில் தப்பிய பிரதி

பயிற்சியின்மை எவ்வளவு தூரம் கொண்டு போய் விடும் என்பதற்கு ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறேன். 2017 ஜூன் 27 அன்று உக்ரைன் நாட்டிலிருந்து ஒரு தீநிரல் பரவியது. 'நாட்பெட்யா' என்று அதற்குப் பெயர். அது நுழைந்த வாசல் எது தெரியுமா? அந்நாட்டு வணிகர்கள் வரிக்கணக்குத் தாக்கல் செய்யப் பயன்படுத்திய மென்பொருள். அதைத் தயாரித்த சிறிய நிறுவனத்தின் சர்வரைத் தாக்குதல்காரர்கள் கைப்பற்றி, வழக்கமான புதுப்பிப்புடன் நஞ்சையும் கலந்து அனுப்பிவிட்டார்கள். ஒரு சிறு நிறுவனத்தின் சர்வர் சரியாகக் காக்கப்படாததன் விலையை உலகமே கொடுத்தது.

கப்பல் போக்குவரத்தில் பெரும் பெயர் பெற்ற டென்மார்க்கின் மெர்ஸ்க் நிறுவனமும் அதில் சிக்கியது. 4,000 சர்வர்களையும் 45,000 கம்ப்யூட்டர்களையும் அது பத்து நாட்களில் புதிதாக நிறுவ வேண்டியதாயிற்று. யார் யார் ஊழியர்கள், யாருக்கு என்ன அனுமதி என்று பதிவு வைத்திருக்கும் முதன்மைச் சர்வர்கள் அந்நிறுவனத்தில் சுமார் 150 இருந்தன. அவை ஒன்றுக்கொன்று பிரதி எடுத்துக்கொள்ளும். "ஒன்று போனால் மற்றொன்று இருக்கிறதே" என்று எல்லோரும் நிம்மதியாக இருந்தார்கள். ஆனால் அன்று எல்லாமே ஒரே வேளையில் அழிந்தன. தனியே எடுத்து வைத்த பிரதி எதுவும் இல்லை.

கடைசியில் ஆப்பிரிக்காவின் கானா நாட்டு அலுவலகத்தில் ஒரே ஒரு சர்வர் மட்டும் தப்பியிருந்தது. ஏன்? தாக்குதல் நடந்த வேளையில் அங்கே மின்வெட்டு! அதனால் அது வலையிலிருந்து துண்டிக்கப்பட்டிருந்தது. அந்த ஹார்டு டிஸ்க்கை ஒரு ஊழியர் நைஜீரியா வரை கொண்டு சென்று கொடுக்க, அங்கிருந்து இன்னொருவர் விமானத்தில் இங்கிலாந்துக்குக் கொண்டு போய்ச் சேர்த்தார். அதிலிருந்தே அந்த மாபெரும் நிறுவனம் மீண்டெழுந்தது.

இறைவன் நாடினால் மின்வெட்டும் அருளாகும். ஆனால் மின்வெட்டை நம்பி வியாபாரம் செய்ய முடியுமா? ஒட்டகத்தைக் கட்டிவிட்டு இறைவன்மீது பொறுப்புச் சாட்டும்படி நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் வழிகாட்டியதை நாம் சிறு வயதிலேயே ஓதியிருக்கிறோம். சர்வரைக் கட்டுவது எப்படி என்பதை இனிப் பார்ப்போம்.

பயிற்சியில் என்ன இருக்க வேண்டும்?

முதற்பாடம், வீட்டை அறிதல். புதிதாகப் பயில்பவரிடம் ஒரு தாளையும் பென்சிலையும் கொடுத்து, கடையில் உள்ள ரவுட்டர், ஸ்விட்ச், சர்வர், அச்சு எந்திரம், யு.பி.எஸ். ஆகியவற்றை வரையச் சொல்லுங்கள். எந்தக் கம்பி எங்கே போகிறது? எந்தக் கருவிக்கு என்ன எண்? பெரும்பாலான கோளாறுகள் இந்தப் படம் இல்லாததாலேயே மணிக்கணக்கில் நீடிக்கின்றன.

இரண்டாவது, பெயரும் எண்ணும். ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் வீட்டு இலக்கம் போல் ஓர் ஐ.பி. எண் உண்டு. அந்த எண்ணை வழங்கும் பணிக்கு டி.எச்.சி.பி. என்று பெயர். பெயரைச் சொன்னால் எண்ணைச் சொல்லும் முகவரிப் புத்தகத்துக்கு டி.என்.எஸ். என்று பெயர். ஒரே வலையில் ரவுட்டரும் சர்வரும் போட்டி போட்டுக்கொண்டு எண் வழங்கினால் குழப்பம் வரும். பழைய ஸ்மால் பிசினஸ் சர்வர் வேறொருவர் எண் வழங்குவதைக் கண்டால் தன் கடையை மூடிக்கொள்ளும்! அதுபோலவே, விண்டோஸ் சர்வரை முதன்மையாகக் கொண்ட வலையில் ஊழியர்களின் கம்ப்யூட்டர்கள் முகவரியைச் சர்வரிடமே கேட்க வேண்டும். வெளி நிறுவனத்திடம் கேட்கும்படி யாரேனும் மாற்றிவிட்டால், காலையில் உள்ளே நுழையவே நெடுநேரம் ஆகும். கடிகாரமும் முக்கியம். சர்வருக்கும் கம்ப்யூட்டருக்கும் ஐந்து நிமிடத்துக்கு மேல் நேரம் வேறுபட்டால், அது உங்களை உள்ளே விட மறுக்கக்கூடும். இவை எளிய செய்திகள்தாம். தெரிந்தவருக்கு ஐந்து நிமிட வேலை. தெரியாதவருக்கு ஐந்து நாள் வேலை.

மூன்றாவது, சாவிகள். ஒவ்வோர் ஊழியருக்கும் தனிப் பெயர், தனி பாஸ்வேர்டு இருக்க வேண்டும். கடை முழுவதும் ஒரே பாஸ்வேர்டு என்பது கல்லாச் சாவியைத் தெருவில் தொங்கவிடுவதற்கு ஒப்பாகும். பில் போடுபவருக்குப் பில் மட்டும் தெரிந்தால் போதும். சம்பளப் பட்டியல் தெரிய வேண்டியதில்லை. நிர்வாகி என்ற உயர்ந்த அதிகாரத்தைத் தேவைப்படும் வேலைக்கு மட்டும் பயன்படுத்திவிட்டு, அன்றாட வேலையைச் சாதாரணக் கணக்கிலேயே செய்ய வேண்டும். வேலையை விட்டுச் செல்பவரின் கணக்கை அன்றைய தினமே மூட வேண்டும். அது அவர்மீது கொண்ட சந்தேகமன்று, இருவருக்கும் பாதுகாப்பு.

நான்காவது, வாசல்கள். ஆடிட்டர் தம் வீட்டிலிருந்தே கணக்கைப் பார்க்க வேண்டும் என்பதற்காக, ரவுட்டரில் ஒரு வழியைத் திறந்து சர்வரின் திரையை இணையத்துக்கு நேராகக் காட்டிவிடும் வழக்கம் பல கடைகளில் இருக்கிறது. பணம் பறிக்கும் கும்பல்கள் தேடித் திரிவது இந்த வாசலைத்தான். வெளியிலிருந்து வர வேண்டியவர்கள் வி.பி.என். என்னும் பாதுகாக்கப்பட்ட பாதை வழியாக, பாஸ்வேர்டுடன் கைப்பேசிக்கு வரும் இரண்டாம் சரிபார்ப்பையும் தாண்டியே வர வேண்டும்.

ஐந்தாவது, புதுப்பித்தல். மைக்ரோசாப்ட் நிறுவனம் 2003ஆம் ஆண்டு முதல் ஒவ்வொரு மாதமும் இரண்டாம் செவ்வாய்க்கிழமை தன் மென்பொருள்களின் ஓட்டைகளை அடைக்கும் திருத்தங்களை வெளியிடுகிறது. 2017 மே 12 அன்று பரவிய 'வானாக்ரை' என்னும் தீநிரல் பிரிட்டனின் அரசு மருத்துவமனைகளை நிலைகுலையச் செய்தது. ஆயிரக்கணக்கான நோயாளிகளின் சந்திப்புகள் இரத்தாயின. அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தம் மார்ச் 14 அன்றே வெளியாகியிருந்தது! ஏறத்தாழ இரண்டு மாத காலம் அதைப் பொருத்தாமல் விட்டதன் விளைவு அது. ஆயுள் முடிந்த மென்பொருளுக்கு இலவசத் திருத்தமும் வராது. விண்டோஸ் சர்வர் 2012க்கான வழக்கமான ஆதரவு 2023 அக்டோபரிலும், விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபரிலும் முடிந்துவிட்டன. விண்டோஸ் சர்வர் 2016க்கு 2027 ஜனவரி வரையே கெடு. உங்கள் கடையில் எது ஓடுகிறது என்று இன்றே கேளுங்கள்.

ஆறாவது, எல்லாவற்றிலும் தலையாயது: பிரதி எடுத்தல்.

பிரதி எடுத்தால் போதுமா?

யூசுப் நபி (அலை) அவர்கள் செழிப்பான ஏழு ஆண்டுகளில் தானியத்தைக் கதிரோடு சேமிக்கச் சொன்னார்கள். பின்னர் வந்த ஏழு பஞ்ச ஆண்டுகளில் அது மக்களைக் காத்தது. பேக்கப் என்று இன்று நாம் சொல்வதன் உட்பொருளும் அதுவே. நல்ல நாளில் எடுத்து வைத்தால்தான் கெட்ட நாளில் உதவும்.

இத்துறையில் 3-2-1 என்று ஒரு விதி உண்டு. தகவலுக்கு மூன்று பிரதிகள் இருக்க வேண்டும். அவை இரண்டு வகைச் சாதனங்களில் இருக்க வேண்டும். ஒன்றாவது வேறோர் இடத்தில் இருக்க வேண்டும். சர்வரில் இரண்டு ஹார்டு டிஸ்க்குகளை ஒரே மாதிரி எழுத வைக்கும் 'ரெய்டு' முறை நல்லதுதான். ஒன்று பழுதானாலும் கடை நிற்காது. ஆனால் அதைப் பிரதி என்று எண்ணாதீர்கள். ஒரு கோப்பைத் தவறாக அழித்தால் இரண்டிலும் சேர்ந்தே அழியும். சர்வரிலேயே எப்போதும் செருகிக் கிடக்கும் வெளி டிஸ்க்கும் அப்படியே. தீநிரல் வந்தால் அதையும் சேர்த்துப் பூட்டிவிடும். எடுத்தவுடன் கழற்றி வைக்க வேண்டும்.

வேறோர் இடம் எதற்கு? 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென் மாவட்டங்களில் கொட்டிய மழையை நாம் மறந்திருக்க மாட்டோம். நம் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் பதிவான மழை சுமார் 95 சென்டிமீட்டர். 2015 டிசம்பரில் சென்னையும் வெள்ளத்தில் மிதந்தது. தரைத்தளத்தில் சர்வரும், அதே மேசை இழுப்பறையில் பேக்கப்பும் இருந்தால் வெள்ளம் இரண்டையும் பிரித்துப் பார்க்குமா? ஒரு பிரதி முதலாளி வீட்டு மாடியிலோ, கிளவுட்டிலோ இருக்கட்டும். நிறுவனச் சட்டத்தின் கீழ் பதிவு செய்த கம்பெனிகள் தம் மின்னணுக் கணக்குகளின் பிரதியை இந்தியாவில் உள்ள சர்வரில் நாள்தோறும் வைத்திருக்க வேண்டும் என்று 2022இல் விதியே வந்துவிட்டது.

இதற்கும் மேலே ஒரு படி உண்டு. எடுத்த பிரதியை மீட்டுப் பார்க்க வேண்டும். 2017 ஜனவரி 31 இரவு, மென்பொருள் எழுதுவோர் தம் ஆக்கங்களைச் சேமித்து வைக்கும் கிட்லாப் நிறுவனத்தில், நெடுநேரம் உழைத்துக் களைத்த ஊழியர் ஒருவர் ஒரு சர்வரில் செய்ய வேண்டிய அழிப்பை மற்றொன்றில் செய்துவிட்டார். சுமார் 300 ஜிகாபைட்டில் நாலரை ஜிகாபைட் மட்டுமே மிஞ்சியது. பாதுகாப்புக்காக ஐந்து வழிகள் வைத்திருந்தார்கள். ஐந்தில் ஒன்றும் முறையாக வேலை செய்யவில்லை. ஆறு மணி நேரத்துக்கு முன்னர் தற்செயலாக எடுத்திருந்த ஒரு பிரதியே அவர்களைக் காப்பாற்றியது. கணினியிலேயே மூழ்கியவர்களுக்கே இந்த நிலை என்றால் நம் கடைகளைப் பற்றிச் சொல்லவும் வேண்டுமா? மாதம் ஒரு முறை, ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பின் என்று நாள் குறித்து, பேக்கப்பிலிருந்து ஒரு நாள் கணக்கை வேறொரு கம்ப்யூட்டரில் மீட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். திறந்தால் அது பேக்கப். திறக்காவிட்டால் அது வெறும் நம்பிக்கை.

எங்கே, எப்படிப் பயில்வது?

இத்துறையில் நுழைய விரும்பும் பிள்ளைகள் உங்கள் வீட்டிலும் இருக்கலாம். எல்லோரும் பொறியியல் பட்டம் பெற்றாக வேண்டும் என்பதில்லை. தொழிற்பயிற்சி நிலையங்களின் பாடத்திட்டத்தில் கம்ப்யூட்டர் ஹார்டுவேர் மற்றும் நெட்வொர்க் பராமரிப்பு ஒரு தனிப்பிரிவாகவே உண்டு. பாலிடெக்னிக் பட்டயப் படிப்பும் நல்ல அடித்தளம். நெட்வொர்க்குக்கு சிஸ்கோவின் சி.சி.என்.ஏ., லினக்ஸுக்கு ரெட் ஹாட்டின் ஆர்.எச்.சி.எஸ்.ஏ. ஆகிய சான்றிதழ்கள் மதிக்கப்படுகின்றன. இரண்டாவதன் தேர்வு முழுக்க முழுக்கச் செய்முறை. மனப்பாடம் அங்கே எடுபடாது. முன்னர் புகழ்பெற்றிருந்த எம்.சி.எஸ்.இ., எம்.சி.எஸ்.ஏ. தேர்வுகளை மைக்ரோசாப்ட் 2021 ஜனவரியுடன் நிறுத்திவிட்டது. இன்னும் அப்பெயரைப் பலகையில் எழுதிப் பணம் கேட்பவர்களிடம் எச்சரிக்கையாக இருங்கள்.

சான்றிதழைவிடக் கைப்பழக்கம் பெரிது. அதற்குச் செலவும் அதிகமில்லை. 16 ஜிகாபைட் நினைவகம் உள்ள ஒரு பழைய கம்ப்யூட்டர் போதும். விர்ச்சுவல்பாக்ஸ் என்னும் இலவச மென்பொருளை நிறுவினால், அந்த ஒரே பெட்டிக்குள் மூன்று நான்கு கம்ப்யூட்டர்களைக் கற்பனையாக உருவாக்கலாம். விண்டோஸ் சர்வரைப் பழகிப் பார்க்க 180 நாள் இலவச அனுமதி உண்டு. உபுண்டு, டெபியன் போன்ற லினக்ஸ் வகைகள் என்றைக்கும் இலவசம். அந்தச் சோதனைக் கூடத்தில் வேண்டுமென்றே டிஸ்க்கை அழியுங்கள், முகவரியை மாற்றுங்கள், பாஸ்வேர்டை மறந்து பாருங்கள். பிறகு மீட்டுப் பாருங்கள். நீச்சலைக் குளத்தில் பழகியவனே வெள்ளத்தில் தாக்குப் பிடிப்பான்.

நம் பெண்மக்களுக்கும் இது ஏற்ற தொழில். சர்வரின் அன்றாடக் கண்காணிப்பில் பெரும்பகுதியைப் பாதுகாப்பான இணைப்பின் மூலம் தொலைவிலிருந்தே செய்ய இயலும். பொறுமையும் ஒழுங்கும் குறித்து வைக்கும் பழக்கமும் இதற்கு மூலதனம். வீட்டுக் கணக்கை நாலணா பிசகாமல் நடத்தும் நம் தாய்மார்களிடம் இவற்றுக்குக் குறைவில்லை.

பயிற்சியாளர்கள் திருட்டு மென்பொருளில் பழக்குவதைத் தவிர்க்க வேண்டும். 1988இல் குவைத்தில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி, ஆக்கியோனின் உரிமையும் கண்டுபிடித்தவரின் உரிமையும் ஷரீஅத்தில் பாதுகாக்கப்பட்டவை என்று தீர்மானித்தது. மார்க்கம் ஒருபுறமிருக்க, பூட்டை உடைத்துத் தரப்படும் மென்பொருளோடு திருடனும் உள்ளே வருவான் என்பது இத்தொழிலின் அனுபவப் பாடம். விலை கொடுக்க இயலாதவர்களுக்கு இலவச மென்பொருள்கள் ஏராளம் இருக்கும்போது ஹராமின் பக்கம் ஏன் போக வேண்டும்?

ஆற்றலும் நாணயமும்

மத்யன் நகரில் ஆடுகளுக்குத் தண்ணீர் புகட்டி உதவிய மூஸா நபி (அலை) அவர்களைப் பணிக்கு அமர்த்தும்படி அப்பெண்களில் ஒருவர் தம் தந்தையாரிடம் பரிந்துரைத்தார். அப்போது அவர் எடுத்துச் சொன்ன தகுதிகள் இரண்டு: வலிமை, நம்பிக்கைக்குரிய தன்மை. கஸஸ் அத்தியாயம் இதை எடுத்துரைக்கிறது. சர்வரைக் காப்பவருக்கும் இவ்விரண்டுமே இலக்கணம்.

திறமையிருந்து நாணயமில்லாதவர் எல்லார் கடிதங்களையும் படித்துப் பார்ப்பார். முதலாளியின் கணக்கைப் போட்டிக் கடைக்குச் சொல்வார். நாணயமிருந்து திறமையில்லாதவர் நல்லெண்ணத்தோடே எல்லாவற்றையும் அழித்துவிடுவார். எனவே பயிற்சியில் ஒழுக்கமும் ஒரு பாடமாக இருக்க வேண்டும். பார்க்க முடிகிறது என்பதால் பார்க்கலாம் என்று பொருளில்லை. செய்த ஒவ்வொரு மாற்றத்தையும் தேதியுடன் குறிப்பேட்டில் எழுத வேண்டும். தவறு நேர்ந்தால் மறைக்காமல் உடனே சொல்ல வேண்டும். 2022இல் நடுவண் அரசின் செர்ட்-இன் அமைப்பு பிறப்பித்த உத்தரவின்படி, இணையத் தாக்குதல் தெரிய வந்த ஆறு மணி நேரத்துக்குள் நிறுவனங்கள் அதைத் தெரிவிக்க வேண்டும்; பதிவேடுகளை 180 நாட்கள் வைத்திருக்க வேண்டும். மறைப்பவரால் இதை எப்படிச் செய்ய முடியும்?

முதலாளிகளே, உங்களுக்கு ஒரு சொல்

எழுதுபவருக்குத் தீங்கு இழைக்காதீர்கள் என்ற நெறியை மேலே கண்டோம். அது உங்களுக்கு உரியது. நள்ளிரவில் சர்வர் நின்றால் ஓடி வரும் அந்த இளைஞனுக்கு உரிய ஊதியம் கொடுங்கள். கற்க நேரமும், நூலும், ஒரு பழைய கம்ப்யூட்டரும் கொடுங்கள். யு.பி.எஸ். பேட்டரி மாற்ற வேண்டும் என்று அவன் கேட்டால், அடுத்த மாதம் பார்க்கலாம் என்று தள்ளாதீர்கள். அவன் தன் தவற்றை ஒப்புக்கொண்டு வந்தால், கடையில் பத்துப் பேர் முன்னிலையில் ஏசாதீர்கள். அடுத்த முறை அவன் சொல்லவே மாட்டான். கிட்லாப் நிறுவனம் தன் தவற்றை மறைக்காமல் காரண காரியத்தோடு உலகறிய எழுதி வெளியிட்டது. அதனால் மதிப்பு இழக்கவில்லை.

ஒருவரை மட்டும் நம்பாமல் இருவரைப் பழக்குங்கள். மற்றவர் உங்கள் மகனாகவோ மகளாகவோ இருக்கலாம், நீங்களாகவும் இருக்கலாம். முதன்மைப் பாஸ்வேர்டுகளை ஓர் உறையிலிட்டு முத்திரை வைத்து உங்கள் பெட்டகத்தில் வையுங்கள். நாளை அந்த இளைஞனுக்கு நல்ல வேலை கிடைத்து வெளிநாடு போனால் மனமுவந்து வாழ்த்தி அனுப்ப உங்களால் இயல வேண்டும், "நீ போனால் என் கடை என்னாகும்?" என்று கதறும் நிலை வரக் கூடாது.

அருமைச் சகோதரர்களே, சகோதரிகளே! இந்த இதழை மூடி வைப்பதற்கு முன் ஒரு காரியம் செய்யுங்கள். உங்கள் கடைச் சர்வரைப் பார்த்துக்கொள்பவரை அழைத்து மூன்றே கேள்விகள் கேளுங்கள். கடைசியாகப் பிரதி எடுத்தது என்றைக்கு? அதைத் திறந்து பார்த்தது என்றைக்கு? நீ ஊரில் இல்லாத நாளில் இதைச் செய்பவர் யார்? மூன்றுக்கும் தயங்காமல் பதில் வந்தால் அல்ஹம்துலில்லாஹ். அவருக்கு ஒரு கோப்பைத் தேநீர் வாங்கிக் கொடுத்து அவர் கையைப் பற்றிக்கொள்ளுங்கள். தயங்கினால் கோபிக்காதீர்கள். அவருக்குக் கற்றுக்கொடுக்க நாம் தவறியிருக்கிறோம் என்றே பொருள்.

நம் வணிகத்தில் பரக்கத்தையும், நம் கணக்குகளில் நேர்மையையும், அமானிதத்தைக் காக்கும் அறிவையும் அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.